பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு வகுத்தல் கணக்கு

ஹெல்த் செக்கப் அறிக்கையின் முதல் பக்கத்தில், ரத்த அழுத்தத்துக்கு மேலேயோ கீழேயோ, ‘பி.எம்.ஐ.’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஓர் எண். அளவு தாண்டியிருந்தால் சில இடங்களில் அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தருவார்கள். சர்க்கரை பார்க்க ஊசி குத்த வேண்டும், கொழுப்பு பார்க்க வெறும் வயிற்றில் போக வேண்டும். இந்த எண்ணுக்கு அதெல்லாம் தேவையில்லை. எடை மெஷினில் ஏறி இறங்கி, சுவரோரம் நிமிர்ந்து நின்றால் ஆயிற்று. கிலோவில் எடை, மீட்டரில் உயரம். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் விடை வந்துவிடும். காசு செலவில்லாமல் கிடைப்பதால்தான் அது உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. எங்கே கிளம்பியது, வழியில் யார் யார் கைக்குப் போனது, அவர்களுக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்று பார்த்துவிட்டால், அந்த அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கிவிடும்.

கணக்கைப் போட்டவர் மருத்துவர் அல்லர், வானியலாளர். அடால்ஃப் கெட்லே 1796-ல் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தார். பிரஸ்ஸல்ஸில் ஒரு வானாய்வு நிலையம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்கான கருவிகளைப் பற்றித் தெரிந்துவர 1823-ல் பாரிஸ் போனார். போன இடத்தில் லாப்லாஸ் போன்றவர்களின் நிகழ்தகவுக் கணிதம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1830-ல் பெல்ஜியத்தில் புரட்சி வெடித்தது. கட்டி முடியாத ஆய்வு நிலையத்தைப் போராளிகள் அரணாக்கிக்கொண்டார்கள். நட்சத்திரங்களைப் பார்க்க வந்தவர் மனிதர்களை எண்ணத் தொடங்கினார்.

ஒரே நட்சத்திரத்தின் இடத்தைப் பத்துப் பேர் குறித்தால் பத்து விடை வரும். அவற்றின் நடுப்புள்ளிதான் உண்மைக்கு அருகில் இருக்கும், மற்றவை பிழை என்று வானியலாளர் எடுத்துக்கொள்வார். கெட்லே இதையே மனித உடம்புக்கும் பொருத்தினார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,738 பேரின் மார்புச் சுற்றளவு அட்டவணையை எடுத்து வரைந்து பார்த்தபோது, நட்சத்திரப் பிழைகள் விழும் அதே மணி வடிவக் கோட்டில் அதுவும் விழுந்தது. ஆக, இயற்கை ஒரு ‘சராசரி மனிதனை’ மனத்தில் வைத்துச் செய்கிறது, நாமெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிசகியவர்கள் என்று அவரிடம் முன்பே ஊறியிருந்த எண்ணம் உறுதிப்பட்டது. குற்றம், திருமணம், தற்கொலை என்று கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் சராசரி பார்த்தார். 1835-லேயே வந்த அவருடைய பெரிய நூலின் பொருளே அந்தச் சராசரி மனிதன்தான்.

அந்தத் தேடலில்தான் எடையும் உயரமும் வந்தன. பிறந்த குழந்தை முதல் முதியவர்வரை அளந்து குறித்தார். ஓர் உருவம் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், உயரம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காக வேண்டும். அதாவது உயரத்தின் கனம். வளர்ந்த மனிதர்களிடம் அப்படி இல்லை. நெட்டையானவர் குட்டையானவரின் பெரிதாக்கிய பிரதி அல்லர். உயரம் கூடுகிற அளவுக்கு அகலம் கூடுவதில்லை. பெரியவர்களில் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே போகிறது என்று கெட்லே எழுதிவைத்தார். அவ்வளவுதான். யார் குண்டு, யார் ஒல்லி, யாருக்கு நோய் வரும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அது தன் வேலையில்லை என்றிருப்பார். 1874-ல் அவர் இறந்தபோது அந்த வரி புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது, அடுத்த நூறு ஆண்டுகளுக்கும்.

இடையில் வேறொரு கூட்டம் மனிதர்களின் எடையைக் கையில் எடுத்தது: ஆயுள் காப்பீட்டுக்காரர்கள்.

முன்பெல்லாம் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நடைமேடையில் வண்ண விளக்கு சுழலும் எடை மெஷின் நிற்கும். காசு போட்டால் ‘டக்’கென்று ஓர் அட்டை விழும், ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் செய்ததும் அதேதான். ஒரு வித்தியாசம், அவர்களுடைய ஜோசியத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான பாலிசிகளின் இறப்புக் கணக்கு இருந்தது. எந்த எடைக்காரர் சீக்கிரம் செத்து நிறுவனத்துக்குச் செலவு வைக்கிறார் என்று தெரிந்தால் பிரீமியத்தைக் கூட்டலாம். மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயிஸ் டப்ளின் இதில் பெரிய கை. 1942-லும் 1943-லும் அந்த நிறுவனம் பெண்களுக்கும் ஆண்களுக்குமாக ‘இலட்சிய எடை’ அட்டவணைகளை வெளியிட்டது. சிறிய, நடுத்தர, பெரிய என்று எலும்புக்கட்டு மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. எலும்புக்கட்டை எப்படி அளப்பது என்று மட்டும் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து ஒரு மதிப்பு, அவ்வளவுதான். எடை எடுத்ததும் சட்டை, ஷூவோடு. பாலிசி எடுக்க வசதியுள்ளவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

இத்தனை ஓட்டை இருந்தும் டாக்டர்களுக்கு அந்த அட்டவணை பிடித்துப்போனது. 1959-ல் ஏறத்தாழ 50 லட்சம் பாலிசிகளை வைத்து அது புதுப்பிக்கப்பட்டபோது ‘இலட்சிய எடை’ ‘விரும்பத்தக்க எடை’ ஆயிற்று. சுவரில் மாட்டவும், விரல் வைத்துக் காட்டி மிரட்டவும் வசதியாக இருந்தது. நம் ஊரில் இன்றும் பாலிசி விண்ணப்பத்தில் உயரமும் எடையும் கேட்கிறார்களே, அதன் வேர் இங்கேதான். ‘சென்டிமீட்டர் உயரத்தில் நூறைக் கழி, வருவது உன் எடை’ என்று நம் குடும்ப டாக்டர்கள் சொல்லிவந்த குறுக்கு வழி வேறு. அது பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் ப்ரோகாவின் பெயரால் வழங்குவது.

காப்பீட்டு அட்டவணையைக் கண்டால் எரிச்சல் படுகிற ஒருவர் மின்னசோட்டாவில் இருந்தார். ஆன்செல் கீஸ். அமெரிக்கச் சிப்பாய்களின் கே-ரேஷன் உணவுப் பொட்டலத்தோடு பெயர் சேர்ந்தவர். 1944-45-ல், போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களைத் தன் ஆய்வகத்தில் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, பசி ஓர் உடம்பை என்ன செய்யும் என்று வரிவரியாகக் குறித்தவர். அந்த இளைஞர்கள் பசியில் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள். அந்த ஆய்வைப் படித்தவர்களுக்குத் தெரியும், எடையைப் பற்றிப் பேச கீஸைவிடத் தகுதியானவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை.

கீஸின் கேள்வி எளியது: உடம்பில் உள்ள கொழுப்பை எடையையும் உயரத்தையும் வைத்து ஊகிக்க முடியுமா? அமெரிக்கா, ஃபின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என ஐந்து நாடுகளில் 12 குழுக்களாக 7,424 ஆண்களை எடுத்துக்கொண்டார். மேல்கையின் பின்பக்கத்திலும் தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் தோலைக் கிள்ளிப் பிடித்து, இடுக்கி போன்ற ஒரு கருவியால் அந்த மடிப்பின் தடிமனை அளந்தார்கள். பிறகு எடையை உயரத்தால் வகுத்துப் பார்த்தார்கள், வர்க்கத்தால் வகுத்தார்கள், கனமூலமும் எடுத்துப் பார்த்தார்கள். எது அந்தத் தோல் மடிப்போடு நெருங்கிப் போகிறது, எது உயரத்தின் பாதிப்பு இல்லாமல் இருக்கிறது என்பதுதான் போட்டி. ஜெயித்தது கெட்லேயின் பழைய வகுத்தல். அப்படி ஒன்றும் அமோக வெற்றியில்லை. இருப்பதில் மோசமில்லாதது என்ற அளவில்தான் கீஸ் குழுவே அதைப் பரிந்துரைத்தது. 1972-ல் வந்த அந்தக் கட்டுரையில்தான் அதற்குப் ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்ற பெயரும் வைத்தார்கள். ஆய்வில் ஒரு பெண்கூட இல்லை. இந்தியரும் இல்லை.

கூட்டங்களை ஒப்பிடுவதற்கான கருவி என்றவரை அது சரிதான். ஃபின்லாந்து விறகுவெட்டிகளையும் ஜப்பான் மீனவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எண் வேண்டும். ஆயிரக்கணக்கில் எடுக்கும்போது தனி ஆளின் தசையும் எலும்பும் செய்யும் கோணல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆஸ்பத்திரி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்த ஈடுகட்டல் கிடையாது. என் பார்வையில், அடுத்து நடந்த தகராறுகள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்தே கிளைத்தவை.

இனி ஒரு கிளைக்கதை. பருமனை அளக்கும் எண்ணாகத்தான் பி.எம்.ஐ.யை நமக்குத் தெரியும். இந்தியக் கிராமங்களுக்கு அது வேறு வேடத்தில் வந்தது. 1988-ல் பிலிப் ஜேம்ஸ் என்ற பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும், பெரியவர்களிடம் நாள்பட்ட பசியை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். 18.5-க்குக் கீழே போனால் குறை, 17-க்குக் கீழே அதிகம், 16-க்குக் கீழே கடுமை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கெடுப்புகளும், பின்னால் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பும் இந்த எண்களை எடுத்துக்கொண்டன. நம் நாட்டில் அந்த வகுத்தல் தேடியது ஒட்டிய வயிறுகளைத்தான்.

அந்த வேலையை அது இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ தொடங்கியது. காசநோய் உறுதியானவர்களில் யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று அரசு மருத்துவமனை ஊழியர் மூன்று விஷயங்களை வைத்துப் பார்க்கிறார். மூச்சு வாங்குகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழேயா? 14-க்கும் 16-க்கும் நடுவே இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வகம் தேவையில்லை, எக்ஸ்ரே தேவையில்லை. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆண், 14 என்ற எண்ணில், 39 கிலோ சொச்சம் இருப்பார். அந்த நிலையில் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் முதல் சில வாரங்களிலேயே ஆள் போய்விடலாம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய காசநோயாளிகளிடம் இறப்பு வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைப் பேசும்போது நாம் இந்தப் பக்கத்தை மறந்தே போகிறோம். “என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்று பதறிய நம் பாட்டிமார்கள் காசநோய்க் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்.

கதையின் பிரதான சாலைக்கு வருவோம். 1985-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று கோடு போட்டது. அந்நாட்டு இளவயதினரில் நூற்றுக்கு 85 பேர் எங்கே முடிகிறார்களோ அங்கே ஒரு கோடு. நோயைப் பார்த்துப் போட்டதன்று. 1997-ல் ஜெனீவாவில் உலக சுகாதார அமைப்பு பருமனைப் பற்றி ஆலோசனைக் கூட்டம் நடத்தியது. பசிக்கு எல்லை வகுத்த அதே பிலிப் ஜேம்ஸ்தான் இப்போது பருமனுக்கான சர்வதேசப் பணிக்குழுவின் தலைவர். 25 தாண்டினால் அதிக எடை, 30 தாண்டினால் பருமன் என்பது உலக நியதி ஆயிற்று. 1998 ஜூனில் அமெரிக்காவும் அதற்கு இறங்கி வந்தது. முதல் நாள் இரவு சாதாரண எடையோடு தூங்கப் போன இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள், ஒரு கிராம்கூடக் கூடாமல், காலையில் அதிக எடைக்காரர்களாக எழுந்தார்கள்.

ஆசியாவுக்கு அந்தக் கோடு பொருந்தவில்லை. இங்கே 23, 24-லேயே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்துகொண்டிருந்தன. 2000-ல் ஆசிய-பசிபிக் பகுதிக்கென்று 23, 25 என இரண்டு எண்கள் முன்வைக்கப்பட்டன. 2002-ல் சிங்கப்பூரில் கூடிய உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் பழைய கோட்டை அழிக்கத் துணியாமல், ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய இடங்களில் எச்சரிக்கைக் கம்பம் மட்டும் நட்டார்கள். 2009-ல் இந்திய மருத்துவர்கள் ஒன்றுகூடித் தாங்களே தீர்ப்பெழுதினார்கள்: 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன்.

நம்முடைய 168 சென்டிமீட்டர்காரரையே மறுபடி கூப்பிடுவோம். இப்போது தேறிவிட்டார், 71 கிலோ. கணக்குப் போட்டால் 25.2 வருகிறது. 1985-ன் அமெரிக்க டாக்டர் அவர் தோளில் தட்டி அனுப்பிவைப்பார். 1998-க்குப் பிறகு அதே டாக்டர் ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்பார். சென்னை டாக்டர் ‘பருமன்’ என்று எழுதுவார். ஆள் ஒருவர், உடம்பு ஒன்று, தீர்ப்பு மூன்று. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்போ இன்னும் 25 தாண்டினால்தான் ‘அதிக எடை அல்லது பருமன்’ என்கிறது. அப்படிப் பார்த்தே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் கோட்டுக்கு மேலே இருக்கிறார்கள்.

ஏன் இந்தியருக்கு மட்டும் கோடு இறங்க வேண்டும்? புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் நண்பர் ஜான் யுட்கின் இருவரும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்களையே காட்டிப் பதில் சொன்னார்கள். இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஊடுகதிர் ஸ்கேனில் வைத்துக் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெள்ளைக்காரர் மாரத்தான் ஓடுகிறவர். தன்னுடைய ஓட்டம் காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதோடு சரி என்று யாஜ்னிக் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டார். மருத்துவ உலகில் ‘ஒய்-ஒய் முரண்’ என்று அது பேர் வாங்கியது.

ஓட்டம் ஒரு பாதிதான். மறுபாதி பிறப்பிலேயே இருக்கிறது. யாஜ்னிக் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. கை, வயிறு, தசை எல்லாமே நம் பிள்ளைகளுக்குச் சிறுத்திருந்தன. முதுகுப் பக்கத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. எலும்பும் தோலுமாகத் தெரிகிற குழந்தைக்குள் கொழுப்பு தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுத் தாய்மார்கள் பெற்ற உடம்பு அது.

இந்த உடம்பு வளர்ந்து, வயிறார மூன்று வேளைச் சோறும் நாற்காலி வேலையும் கிடைத்ததும் சிக்கல் ஆரம்பமாகிறது. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கி எரிப்பது தசை. அது நமக்குக் குறைவு. மிஞ்சுவது கொழுப்பாகிறது. தோலுக்கடியில் தொடையிலும் புட்டத்திலும் சேரும் கொழுப்பு அதிகம் வம்பு செய்யாது. அந்தக் கிடங்கு நிரம்பியதும் வழிவது கல்லீரலுக்குள்ளும் கணையத்தைச் சுற்றியும் குடலை ஒட்டியும் போய்ச் சேர்கிறது. அங்கே உட்கார்ந்த கொழுப்பு இன்சுலினின் பேச்சைக் கேட்கவிடாது. தொடை, புட்டக் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் ஒன்றல்ல என்று மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-லேயே சொல்லியிருந்தார். காது கொடுத்தவர்கள் குறைவு. எடை மெஷினுக்கு இந்த இட வேறுபாடு எப்படித் தெரியும்? கிலோ எங்கே இருந்தாலும் அதற்குக் கிலோதான்.

சர்க்கரை ஆஸ்பத்திரி வரிசைகளில் “நான் ஒல்லிதானே டாக்டர், எனக்கெப்படி சுகர்?” என்ற கேள்வி காதில் விழாத நாள் இருக்காது. கைகால் குச்சியாக, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டு நிற்கும் அந்த உருவம் நமக்கெல்லாம் உறவுக்காரர். பி.எம்.ஐ. அவரை ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுகிறது. பருமனானவரை அநியாயமாக மிரட்டுகிறது என்பதுதான் மேல்நாடுகளில் இந்த எண்ணின் மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு. நம் ஊரில் அது செய்யும் பெரிய கெடுதல், ஒல்லியானவரை அநியாயமாகச் சமாதானப்படுத்துவதுதான். சென்னையின் டாக்டர் மோகன் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்தது. 2023-ல் வெளியான முடிவின்படி, 25 என்ற கோட்டை வைத்தால் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுச் சுற்றளவை வைத்தால் 39.5 சதவீதம். பி.எம்.ஐ.யின் சல்லடையில் சிக்காத வயிறுகள் கோடிக்கணக்கில்.

இதே சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வை நம் பத்திரிகைகள் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பெரும்பாலும் அலுவலகத்துக்குப் போய்வரும் நடுத்தர வர்க்கம். ஒரு பிரிவினருக்குச் சொன்னது: தினம் அரைமணி நேரம் வேகமாக நட, சர்க்கரையை நிறுத்து, சோற்றின் அளவைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. 2006-ல் வந்த முடிவில், இந்த ஆலோசனை பெறாத ஒப்பீட்டுப் பிரிவினரில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகளாகியிருந்தார்கள். நடந்தவர்களில் 39 சதவீதம். இதற்காக அவர்கள் எத்தனை கிலோ இளைத்தார்கள் என்று கேட்டால், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. எடை முள் நின்ற இடத்திலேயே நின்றது, நோய் தள்ளிப்போனது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, மெஷினில் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்று ஷூவைக் கழற்றி மூலையில் போடுகிறவர்கள் இந்த ஒரு ஆய்வைப் படித்தால் போதும்.

அதற்காக எடைக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்று கிளம்பிவிடக் கூடாது. 2009-ல் 57 ஆய்வுகளைச் சேர்த்து 9 லட்சம் பேரின் கணக்கைப் பார்த்தபோது, இறப்பு மிகக் குறைவாக இருந்தது 22.5-க்கும் 25-க்கும் இடையில். அதற்குமேல் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. நான்கு ஆண்டு கழித்து கேத்தரின் ஃபிளேகல் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 97 ஆய்வுகளைத் திரட்டி, 25-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் அதிக நாள் வாழ்கிறார்கள் என்றார். ஹார்வர்டு பேராசிரியர்கள் கொதித்தார்கள். புகை பிடிக்கிறவர்களும் நோயால் இளைத்தவர்களும் ஒல்லிப் பக்கம் சேர்ந்து கணக்கைக் குழப்புகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2011-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியர்களைப் பார்த்த ஆய்விலோ, இந்தியர்களிடமும் வங்கதேசத்தவரிடமும் இறப்பு கூடியது 20-க்குக் கீழே இருந்தவர்களிடம்தான், அதிக பி.எம்.ஐ.யால் கூடுதல் இறப்பு தெரியவில்லை. ஏழை நாட்டில் ஒல்லியாக இருப்பது பல நேரம் வறுமைக்கும் நோய்க்கும் இன்னொரு பெயர். ஒரே எண்ணை இத்தனை விதமாக வாசிக்க முடிகிறதென்றால், அதற்குள் வெவ்வேறு உடம்புகள் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவற்றில் மட்டும் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அங்கே கிலோ நேரடியாகவே சுமை.

மருத்துவ உலகம் மெல்ல இறங்கி வருகிறது. 2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம், இந்த எண்ணைத் தனியாக வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் லண்டன் பேராசிரியர் ஃபிரான்செஸ்கோ ரூபினோ தலைமையிலான நிபுணர் குழு, பி.எம்.ஐ.யோடு இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்ட பருமனையும் இன்னும் பாதிக்கப்படாத பருமனையும் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்றது. அதே மாதம் இந்திய மருத்துவர்களும் தங்கள் 2009 வரையறையைத் திருத்தி, இதே போல இரண்டு படிநிலை வைத்தார்கள். ஆனால் கெட்லேயின் வகுத்தல் ஓய்வு பெறப்போவதில்லை. 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகள், 30 தாண்டியிருக்க வேண்டும், கூட வேறு நோய் இருந்தால் 27 போதும் என்று அதே எண்ணைத்தான் நுழைவுச்சீட்டாகக் கேட்கின்றன.

நமக்கு வேண்டியது ஒரு தையல் டேப். பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022-லிருந்து சொல்லும் அளவு எளியது: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 168 சென்டிமீட்டர் என்றால் 84. இந்திய வரையறையில் உச்சவரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. அளக்கும் இடம் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல், துணி இல்லாமல். பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். பதினைந்து வருஷமாக 34 என்று பெருமைப்படுகிறவர் பேண்டைத் தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டிருப்பார். அவரைவிட அவருடைய அரைஞாண் கயிறு யோக்கியமானது. அளவு தாண்டியிருந்தால், எடை என்னவாக இருந்தாலும், வெறும் வயிற்றில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டிருந்தால் அதைவிடச் சீக்கிரமாகப் போங்கள். ஹெல்த் செக்கப் படிவத்தில் பெரும்பாலும் இடுப்புக்குக் கட்டம் இருக்காது, அளந்து, பி.எம்.ஐ.க்குப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.